பால்குடிக் குழந்தைக்கு ஏது பாவம்?
கிறிஸ்தவ இறையியலில் மாசின்மை பற்றிய ஒரு வழக்கின் வரலாறு

1. கேள்வி

1917-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1239-ஆவது சட்டம், ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்கிறது. ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த பெரியவர்கள் தங்கள் குற்றமின்றி இடையில் இறந்திருந்தால் விலக்கு உண்டு. பிறந்த அன்றே இறந்த குழந்தைக்கு அந்த விலக்கும் இல்லை. மந்திரிக்கப்பட்ட கல்லறை மண்ணில் அதற்கு இடமில்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள். அயர்லாந்தின் சிற்றூர்களில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் புதைப்பதற்கென்றே தனி இடங்கள் இருந்தன: இடிந்த பழைய கோயில்களின் ஓரம், கடற்கரை மேடு, இரண்டு பண்ணைகள் சந்திக்கும் எல்லை. தகப்பனோ மாமனோ இருட்டிய பிறகு பெட்டியைச் சுமந்து சென்று குழி தோண்டுவார்கள். குருவானவர் வரமாட்டார். மணியும் அடிக்காது.

அந்தக் குழந்தை செய்த குற்றம் என்ன? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். மனிதன் மாசற்றவனாகப் படைக்கப்பட்டு, அந்நிலையை இழந்தான் என்பது கிறிஸ்தவம் முழுமைக்கும் பொதுவான நம்பிக்கை. ஒவ்வொரு குழந்தையும் அந்த இழப்போடு பிறக்கிறதா, அல்லது மாசற்றுப் பிறந்து பிறகு இழக்கிறதா என்பதில் கருத்து ஒன்றாக இருந்ததில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் நேர்க்கோட்டில் போகும். தொடக்க நூலில் ஏதேன் கதை, அதைப் பவுலடியார் உரோமையர் மடலின் ஐந்தாம் அதிகாரத்தில் கிறிஸ்துவோடு இணைத்தது, அதிலிருந்து அகுஸ்தினார் சென்மப் பாவக் கோட்பாட்டை வடித்தது, பின்னர் பொதுச்சங்கங்கள் அதை உறுதிசெய்தது. இந்த வரிசையில் தவறில்லை. ஆனால் எது எதை இழுத்தது என்பது இதில் தெரிவதில்லை. சான்றுகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், இந்த வழக்கின் திருப்பங்களைத் தீர்மானித்தவை இரண்டு சடங்குகள் என்றே எனக்குப் படுகிறது: குழந்தையின் ஞானஸ்நானம், குழந்தையின் அடக்கம். கோட்பாடு பெரும்பாலும் அவற்றின் பின்னால்தான் நடந்து வந்திருக்கிறது.

2. ஏதேனில் இருந்தது யார்?

தொடக்க நூல் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களை முன்முடிவு இல்லாமல் படிப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ‘பாவம்’ என்ற சொல் அங்கே இல்லை. அது முதன்முதலில் வருவது நான்காம் அதிகாரத்தில், காயினோடு ஆண்டவர் பேசும் இடத்தில். வீழ்ச்சி என்ற சொல்லும் இல்லை; பிள்ளைகளுக்குக் குற்றம் கடத்தப்படும் என்ற பேச்சும் இல்லை. இருப்பதெல்லாம் நிர்வாணமும் வெட்கமின்மையும், பிறகு கண் திறப்பும் அத்தியிலை ஆடையும், வியர்வையும் பேறுகால வேதனையும் சாவும்தான். இதே நூலைத் தன் மறையாகக் கொண்ட யூத மரபு, பிறக்கும்போதே ஒட்டிவரும் குற்றம் என்ற கருத்தை இதிலிருந்து உருவாக்கிக்கொள்ளவில்லை.

முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ ஆசிரியர்களிடமும் ஒரே வாசிப்பு இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தியோக்கியா ஆயர் தெயோபிலு, ஆதாம் இன்னும் குழந்தைதான், அறிவைத் தாங்கும் வயது அவனுக்கு வரவில்லை என்று எழுதினார். அவருக்குச் சற்றுப் பின், லியோன் நகர ஆயர் இரேனேயு இதை விரித்தார். ஆதாமும் ஏவாளும் குழந்தை மனத்தோடு இருந்தார்கள். வளர்ந்து முதிர வேண்டியவர்கள். ஏமாற்றப்பட்டதும் அந்தப் பிஞ்சு நிலையில்தான். இந்தப் பார்வையில் மாசின்மை என்பது முதிர்ச்சிக்கு முந்தைய ஒரு கட்டம். அதை இழந்தது துயரம்தான்; ஆனால் மனிதன் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று கடவுள் நினைத்திருக்கவில்லை.

அகுஸ்தினாரின் ஆதாம் வேறு ஆள். முழு வளர்ச்சி பெற்றவன், தெளிந்த அறிவும் உறுதியான விருப்பாற்றலும் உடையவன், நோயும் சாவும் தீண்டாதவன். கீழ்ப்படிவது அவனுக்கு மிக எளிதாக இருந்தது. ஆகவே கீழ்ப்படியாமை மிகக் கொடிதாயிற்று. இங்கே மாசின்மை என்பது நிறைவு. ஏதும் அறியாமை அதில் பங்கு பெறவில்லை.

இந்த இரண்டு சித்திரங்களில் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துக் குழந்தையின் நிலை தலைகீழாகிறது. இரேனேயுவின் ஆதாமுக்கு மிக நெருக்கமான உருவம் குழந்தை. அகுஸ்தினாரின் ஆதாமுக்கு மிகத் தொலைவான உருவமும் குழந்தைதான்: பேச்சில்லை, நடையில்லை, தன் கைகால் மீதே கட்டுப்பாடில்லை. நாம் எவ்வளவு இழந்துவிட்டோம் என்பதற்கு அதுவே அவருக்குச் சாட்சி.

3. தண்ணீர்த் தொட்டியருகே

ஏறத்தாழ 200-ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் ஞானஸ்நானம் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். மாசற்ற வயதினர் பாவமன்னிப்பைத் தேடி ஏன் அவசரப்பட வேண்டும் என்று அதில் கேட்கிறார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பழக்கம் அப்போதே இருந்தது, அதற்கான காரணம் இன்னும் தெளிவாகவில்லை என்ற இரண்டையும் இந்த ஒரு கேள்வி காட்டிவிடுகிறது.

அரை நூற்றாண்டு கழித்து, அதே கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியானுக்குப் பீதுஸ் என்ற ஆயர் ஒரு சந்தேகத்தை எழுதி அனுப்பினார். விருத்தசேதனம்போல எட்டாம் நாள் வரை காத்திருக்கலாமே என்பது அவர் யோசனை. அதோடு மிக மனிதத்தனமான இன்னொரு தயக்கமும் அவருக்கு இருந்தது. பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தையின் கால் சுத்தமாக இருப்பதில்லை, சடங்கில் அதை முத்தமிட எல்லோரும் கூசுகிறார்கள் என்றார். சுமார் 253-இல் 66 ஆயர்கள் கூடி, காத்திருக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததைச் சிப்பிரியான் பதிலாக எழுதினார். கடவுளின் கையிலிருந்து அப்போதுதான் வந்த ஒன்றை முத்தமிட அருவருப்பது தகாது என்பது பீதுஸுக்கு அவர் தந்த கண்டிப்பு. அதே கடிதத்தில் போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்கிறார்: குழந்தை தானாக எந்தப் பாவமும் செய்யவில்லை, ஆதாமின் வழியில் பிறந்ததால் பழைய சாவின் தொற்று அதற்கு உண்டு, ஆகவே அதற்கு மன்னிக்கப்படுவது அதன் பாவம் அல்ல, பிறருடைய பாவம். சடங்கின் நேரத்தைப் பற்றிய நிர்வாகக் கடிதம் அது. சென்மப் பாவக் கோட்பாட்டின் விதைகளில் ஒன்று அதில்தான் கிடக்கிறது.

411-இல் கார்த்தேஜில் நடந்த விசாரணையில் இந்த விதை முளைத்தது. பெலாஜியு என்ற துறவியின் தோழர் செலஸ்தியு மீது குற்றம் சாட்டப்பட்டது. பிறக்கும் குழந்தை, பாவத்துக்கு முந்தைய ஆதாமின் நிலையிலேயே இருக்கிறது என்பது அவர் மீது சுமத்தப்பட்ட கூற்றுகளில் ஒன்று. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. பாவம் வழிவழியாக வருகிறதா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி என்று மட்டும் வாதாடினார். அடுத்த சில மாதங்களில் அகுஸ்தினார் எழுதத் தொடங்கிய மறுப்பின் கட்டமைப்பு கவனிக்கத்தக்கது. திருச்சபை குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தருகிறது. ஞானஸ்நானம் பாவமன்னிப்புக்காக. குழந்தையிடம் தான் செய்த பாவம், அதாவது பழைய தமிழ் ஞானோபதேசங்கள் கர்ம பாவம் என்று பிரிக்கும் வகை, இருக்க வழியில்லை. எனவே பிறப்போடு வந்த பாவம் இருந்தே தீர வேண்டும். ஞானஸ்நானத்துக்கு முன் குழந்தையின் முகத்தில் ஊதிப் பேயோட்டும் சடங்கையும் அவர் சான்றாகக் காட்டுகிறார். அலகையின் பிடியில் இல்லாத ஒன்றிடமிருந்து எதை ஓட்டுகிறீர்கள் என்பது அவர் கேள்வி. உரோமையர் 5:12-ஐ, ஆதாமில் எல்லோரும் பாவம் செய்தனர் என்று பொருள்படும் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அவர் படித்ததால்தான் இக்கோட்பாடு பிறந்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்த வாசிப்பு அவருக்குத் துணைநின்றது உண்மை. ஆனால் அவருடைய வாதத்தின் முதுகெலும்பு அந்த வசனத்தில் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது.

தொட்டிலையும் அவர் கவனித்துப் பார்த்திருக்கிறார். ‘அறிக்கைகள்’ முதல் புத்தகத்தில் ஒரு காட்சி வருகிறது. ஒரே செவிலியிடம் பால் குடிக்கும் இரண்டு குழந்தைகள். ஒன்று குடித்துக்கொண்டிருக்கிறது. மற்றதற்குப் பேச்சே வரவில்லை. ஆனாலும் முகம் வெளிறிப்போய்க் கசந்த கண்களோடு அதை முறைக்கிறது. பால் ஏராளமாக இருக்கும்போதே இந்தப் பொறாமை. குழந்தையிடம் தீங்கின்மை தெரிவது அதன் கைகால்களுக்குப் பலமில்லாததால் மட்டுமே என்று அவர் முடிவுகட்டுகிறார். பிள்ளை வளர்த்த எவரும் இந்தக் காட்சியை மறுக்கமாட்டார்கள். பசியையும் பயத்தையும் பொறாமை என்று எழுதலாமா என்பதுதான் கேள்வி. அகுஸ்தினாரும் மகனைப் பெற்றவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதெயோதாத்து 387-இல் தந்தையோடு மிலானில் ஞானஸ்நானம் பெற்று, பதின்ம வயது தாண்டுமுன் இறந்துபோனான்.

இந்தக் கோட்பாட்டின் விலை என்ன என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. 415-இல் ஜெரோமுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், குழந்தைகளின் தண்டனை என்ற இடத்துக்கு வரும்போது தான் திணறுவதாக ஒப்புக்கொள்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன், விருப்பச் சுதந்திரம் பற்றிய நூலில், நற்செயலும் தீச்செயலும் இல்லாதவர்களுக்குப் பரிசும் இல்லாத தண்டனையும் இல்லாத ஒரு நடுநிலைத் தீர்ப்பு இருக்கக்கூடும் என்று அவரே எழுதியிருந்தார். பெலாஜியுவைப் பின்பற்றிய பெலாஜியர் ஏறத்தாழ அதையே சொன்னபோது அவர் கதவைச் சாத்தினார். ஞானஸ்நானம் பெறாத குழந்தை தண்டனைக்குரியதே, ஆனால் எல்லாத் தண்டனைகளிலும் மிக மெல்லியது என்பதோடு நின்றார். பெலாஜியர் பக்கம் நின்ற எக்லானம் ஆயர் யூலியன் விடவில்லை. பச்சைக் குழந்தைகளைத் துன்புறுத்துபவராகக் கடவுளைச் சித்திரிக்கிறீர்கள் என்று எழுதினார். யூலியன் தன் பதவியை இழந்து நாடு கடத்தப்பட்டார்; 418 கார்த்தேஜ் சங்கம் அகுஸ்தினாரின் பக்கம் நின்றது. 430-இல் இறக்கும்போதும் அகுஸ்தினார் யூலியனுக்குத்தான் மறுப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

4. இறகு அசைந்தால் போதும்

மெல்லிய தண்டனை என்பது பெற்றவர்களுக்கு ஆறுதல் தரும் சொல் அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார்து அந்தத் தண்டனையில் நெருப்பை நீக்கினார்: கடவுளைக் காணாதிருப்பதே அது என்றார். 1201-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஆர்ல் பேராயருக்கு எழுதிய கடிதத்திலும் இதே நிலைப்பாடு வந்தது. தோமா அக்குவினா இன்னும் ஒரு படி இறக்கினார். இயற்கைக்கு மேற்பட்ட அந்தக் காட்சி தங்களுக்கு இல்லாமல் போனதை அக்குழந்தைகள் அறியவே மாட்டார்கள். எனவே வருந்தவும் மாட்டார்கள். இப்படித்தான் லிம்போ உருவாயிற்று. நரகத்தின் விளிம்பில், அழுகையும் இல்லாமல் ஆனந்தமும் முழுமையாக இல்லாமல் ஓர் இடம். எந்தப் பொதுச்சங்கமும் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. ஆனால் மறைக்கல்வி நூல்களில் நூற்றாண்டுகளாக இருந்தது. லிம்போ வெறும் பெலாஜியக் கட்டுக்கதை என்று பிஸ்தோயியா மறைமாவட்ட மன்றம் தள்ளியபோது, 1794-இல் ஆறாம் பயஸ் அந்தத் தள்ளுதலையே கண்டித்தார்.

இறையியலாளர் இப்படிச் சமரசம் தேடிக்கொண்டிருந்த காலத்தில் பெற்றோர் வேறு வழி கண்டார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் ஓபர்பியூரன் என்ற மாதா திருத்தலம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், செத்துப் பிறந்த குழந்தைகளை வெகுதூரத்திலிருந்து அங்கே தூக்கி வந்தார்கள். கனிந்த கரிக்கும் எரியும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவே குழந்தையைக் கிடத்திச் சூடேற்றுவார்கள். உதட்டின் மேல் ஒரு மெல்லிய இறகை வைப்பார்கள். சூட்டில் எழும் காற்றில் இறகு அசையும். மூச்சு வந்துவிட்டது! உடனே ஞானஸ்நானம், உடனே மந்திரித்த மண்ணில் அடக்கம். கான்ஸ்டன்ஸ் ஆயர் ஓட்டோ இதை மூடநம்பிக்கை என்று கண்டித்து 1486-இல் திருத்தந்தைக்கு எழுதினார். அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் என்று அக்கடிதம் சொல்கிறது. 1528-இல் பெர்ன் சீர்திருத்தத்தை ஏற்றபின் திருத்தலம் இடிக்கப்பட்டது. 1990-களில் அங்கே அகழாய்வு செய்தவர்களுக்குச் சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. சில கருவில் முழுமாதம்கூட ஆகாதவை.

ஆயர் சொன்னது சரிதான். இறகை அசைத்தது கரியின் வெப்பம். ஆனால் அந்த மக்கள் கோட்பாட்டை மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சென்மப் பாவம் உண்டு, ஞானஸ்நானம் இன்றி மீட்பில்லை என்பதை அட்சரம் பிசகாமல் நம்பியதால்தான் அவர்களுக்கு அந்த இறகு தேவைப்பட்டது. இதே நம்பிக்கை நம் கரைக்கும் வந்தது. 1542 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சவேரியாரின் கடிதங்களில், ஞானஸ்நானம் பெற்றபின் அறியாப் பருவத்திலேயே இறந்த குழந்தைகள் பரலோகம் சேர்வது தம் உழைப்பின் உறுதியான பலனாகப் பேசப்படுகிறது. அவருக்கு மாசின்மை என்பது பிறப்பில் கிடைப்பது அல்ல. தண்ணீரில் கிடைத்து, பாவத்தில் தொலைவதற்குமுன் சாவில் பத்திரமாகிவிடுவது.

5. சீர்திருத்தமும் வேறு வழிகளும்

சீர்திருத்தவாதிகள் லிம்போவை எடுத்தெறிந்தார்கள். சென்மப் பாவத்தை எடுக்கவில்லை. லூத்தரும் கால்வினும் அதை இன்னும் கனமாக்கினார்கள். குழந்தையைக் காப்பது சடங்கு அல்ல, கடவுளின் தெரிவு என்று கால்வினியர் சொன்னபோது பெற்றோரின் கவலை இடம்மாறியதே ஒழியக் குறையவில்லை. பதினேழாம் நூற்றாண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, இறக்கும் குழந்தைகளில் ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்’ மீட்கப்படுவார்கள் என்றது. மற்றவர்கள்? 1903-இல் அமெரிக்க வடபகுதிப் பிரஸ்பிட்டேரியன் சபை, குழந்தைப் பருவத்தில் இறக்கும் அனைவருமே தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்று விளக்கக் குறிப்பு சேர்த்து அந்த வாக்கியத்தின் கூர்மையை மழுக்கியது.

உண்மையான உடைப்பு சூரிச்சில் நடந்தது. 1525 ஜனவரியில், குழந்தைகளுக்கு எட்டு நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுக்காதவர்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று நகர மன்றம் உத்தரவிட்டது. சில நாளில் கொன்ராட் கிரேபலும் அவர் கூட்டாளிகளும் ஒருவருக்கொருவர் வயதுவந்தோர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் 1527-இல் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். நன்மை தீமை அறியாத பிள்ளைகள் என்று இணைச்சட்ட நூல் சொல்வதை இவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: அறியாத குழந்தை கிறிஸ்துவின் பாதுகாப்பில் இருக்கிறது, அதற்கு ஞானஸ்நானம் தேவையில்லை. அகுஸ்தினாரின் தர்க்கத்தை எதிர்முனையிலிருந்து அவிழ்க்கும் வழி இது. சடங்கை எடுத்துவிட்டால் குற்றத்தை அனுமானிக்க வேண்டிய அவசியமும் போய்விடுகிறது. இன்றைய பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பிள்ளைகளைப் பிரதிஷ்டை செய்துவிட்டு, பொறுப்புணரும் வயதில் ஞானஸ்நானம் கொடுப்பதன் பின்னணி இதுவே.

கிழக்குத் திருச்சபைகளுக்கு இந்த வழக்கே அவ்வளவு சூடாக இருந்ததில்லை. ஆதாமிடமிருந்து நமக்கு வருவது சாவும் சீர்குலைவும், குற்றம் அல்ல என்பதே அங்கே மேலோங்கிய பார்வை. அவர்களும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், அதே நாளில் நற்கருணையும் கொடுக்கிறார்கள்.

கத்தோலிக்க மரபிலும் இரண்டாவது ஓர் இழப்பு உண்டு. ஞானஸ்நானத்தால் மாசு நீங்கிய பிள்ளை, புத்தி விவரம் வந்தபின் தானே பாவம் செய்து அந்நிலையைத் தொலைக்கிறது. 1215 லாத்தரான் சங்கம் விவரம் தெரிந்த வயதினர் அனைவருக்கும் ஆண்டுக்கொருமுறை பாவசங்கீர்த்தனத்தைக் கட்டாயமாக்கியது. 1910-இல் பத்தாம் பயஸ் அந்த வயதை ஏறத்தாழ ஏழு என்று வைத்து, புதுநன்மையைப் பன்னிரண்டு வயது வரை தள்ளிப்போடும் வழக்கத்தை நிறுத்தினார். வெள்ளை உடையில் புதுநன்மை வாங்கும் சிறுவர்களைப் பார்த்து உருகும் நம் மனத்தில் பாதி ரூசோவிடமிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1762-இல் வெளிவந்த ‘எமில்’ நூலில் குழந்தை இயல்பாகவே நல்லது, கெடுப்பது சமூகம். அதே ஆண்டு பாரிஸ் பேராயர் அந்த நூலைக் கண்டித்தார். சென்மப் பாவ மறுப்பு அவர் எடுத்துக்காட்டிய குறைகளில் முதன்மையானது. இன்று கோயில் பிரசங்கங்களில் கேட்கும் ‘மாசற்ற மழலை’ என்ற பேச்சில் அகுஸ்தினாரைவிட அந்தத் தடைசெய்யப்பட்ட நூலின் சாயலே அதிகம்.

6. 2007-க்குப் பின்

லிம்போ எக்காலத்திலும் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை, அதைக் கைவிடலாம் என்பது தம் சொந்தக் கருத்து என்று கர்தினால் ராட்சிங்கர் 1985-இல் வெளிவந்த நேர்காணல் நூலில் சொன்னார். 1992 மறைக்கல்வி ஏடு லிம்போவைப் பெயர்கூடச் சொல்லாமல், அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைத்தது. ராட்சிங்கர் பதினாறாம் பெனடிக்ட் ஆனபின், 2007-இல் அவர் ஒப்புதலோடு பன்னாட்டு இறையியல் ஆணையம் ஓர் ஆவணம் வெளியிட்டது: ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ளப் போதிய காரணம் உண்டு. உறுதியான அறிவு அல்ல, எதிர்நோக்கு மட்டுமே என்று அது தன்னைக் கவனமாக வரையறுத்துக்கொள்கிறது.

அந்த ஆவணம் எதை ஆதாரமாகக் காட்டுகிறது என்பது நம் கேள்விக்கு முக்கியம். வேதத்தில் இதற்கு நேரடிப் பதில் இல்லை என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. அதன் வாதத்தில் கனமான பங்கு வழிபாட்டுக்கு. ஏரோது கொன்ற பெத்லகேம் சிசுக்கள் ஞானஸ்நானம் பெறாதவர்கள். ஆனாலும் டிசம்பர் 28-இல் திருச்சபை மாசில்லாக் குழந்தைகள் திருவிழா கொண்டாடுகிறது. அவர்களைத் திருச்சபை மறைசாட்சிகளாகப் போற்றுவதை தொடக்ககால அகுஸ்தினாரும் குறிப்பிட்டிருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு சடங்கு கோட்பாட்டை ஒரு பக்கம் இழுத்ததென்றால், நம் காலத்தில் வேறு சடங்குகள் அதை மறுபக்கம் இழுத்திருக்கின்றன.

குழந்தையின் முடிவு என்ன என்பதில் இப்படி ஒரு தெளிவு கிடைத்தது. குற்றம் என்ன என்பதில் கிடைத்தது அரைத் தெளிவுதான். சென்மப் பாவம் ஒப்புமை அளவில்தான் பாவம் எனப்படுகிறது, அது ஒரு நிலை, ஒரு செயல் அல்ல, ஆதாமின் வழிவந்த எவரிடமும் அது தனிப்பட்ட குற்றத்தின் தன்மை உடையதல்ல என்று மறைக்கல்வி ஏடு 404, 405 எண்களில் சொல்கிறது. யூலியன் இதைக் கேட்டிருந்தால், தன் வாதத்தில் பாதி ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் குழந்தைகளும் உண்மையாகவே பாவமன்னிப்புக்காக ஞானஸ்நானம் பெறுகிறார்கள் என்ற 1546 திரெந்து சங்கத் தீர்மானம் அப்படியே இருக்கிறது. தனிக்குற்றமில்லாத ஒருவருக்கு எது மன்னிக்கப்படுகிறது என்பதற்கு, அருள் இல்லாமை நீங்குகிறது என்று இன்றைய இறையியலாளர் பதில் சொல்கிறார்கள். அது மன்னிப்பு என்ற சொல்லை வெகுதூரம் நீட்டிய பதில்.

சடங்கு நூல்களிலும் இந்த இழுபறி அப்படியே பதிந்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருத்தப்பட்ட குழந்தைகள் திருமுழுக்குச் சடங்கு 1969 மே மாதம் வெளிவந்தது. முகத்தில் ஊதும் பழைய வழக்கம் அதில் இல்லை. ஆனால் குழந்தையைச் சென்மப் பாவத்திலிருந்து விடுவிக்குமாறு வேண்டும் பேயோட்டு மன்றாட்டு இன்றும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் திருத்திய அடக்கச் சடங்கு வந்தது. ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து அதற்குமுன் இறந்த குழந்தைக்கென்று அதில் தனி மன்றாட்டுகள் இடம்பெற்றன. 1983 சட்டத்தொகுப்பு, ஆயரின் அனுமதியோடு அத்தகைய குழந்தைக்குத் திருச்சபை அடக்கத்தையும் வழங்கியது. மூன்று மாத இடைவெளியில் வந்த இந்த இரண்டு நூல்களையும் ஒரே குருவானவர் ஒரே வாரத்தில் கையிலெடுக்க நேரலாம். ஒன்றில் அவர் அகுஸ்தினாரின் மொழியில் மன்றாடுவார்; மற்றதில், அந்த மொழிக்கு உட்பட்டால் சொல்லவே முடியாத ஒன்றுக்காக மன்றாடுவார்.